வீட்டுப் புறாவின் உடல்மொழியும் உடல்நலமும்: பார்த்துப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் புறா ஒரு வெள்ளை ரிங்நெக் டவ். பெயர் வெள்ளச்சி. வந்த இரண்டாம் வாரம், ஒரு நாள் காலையில் கூண்டைப் பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். ஒரு சிறகு விரிந்து தரையில் பரந்திருந்தது, வால் விசிறி மாதிரி விரிந்திருந்தது, அலகு லேசாகத் திறந்திருந்தது. பதறிப்போய்க் கதவைத் திறந்து கையில் அள்ளினேன். அடுத்த நொடி அவள் எகிறிப் பறந்து கூண்டின் மறுமூலைக்குப் போய்விட்டாள். என் கையில் மிஞ்சியது நாலைந்து வால் இறகுகள்தான். அவள் செய்துகொண்டிருந்தது வெறும் வெயில் குளியல்.

சில மாதம் கழித்து இதற்கு நேர் எதிரான தப்பைச் செய்தேன். வெள்ளச்சி ரொம்ப அமைதியாகிவிட்டாள். தீனிக் கிண்ணத்தருகே எப்போது பார்த்தாலும் கொத்திக்கொண்டே இருந்தாள். "நல்லாப் பழகிட்டா, நல்லாச் சாப்பிடறா" என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவள் தானியத்தை எடுத்து எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள், விழுங்கவே இல்லை.

பயப்பட வேண்டாத இடத்தில் பயந்தேன், பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருந்தேன். காரணம் ஒன்றுதான்: என் புறாவின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் இந்த வழிகாட்டி நோய்ப் பட்டியலில் தொடங்கவில்லை. ரிங்நெக் டவ், டைமண்ட் டவ் இரண்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். முன்னது சுமார் 150 கிராம், பின்னது 30 கிராம் அளவு. எடை இப்படி வேறுபட்டாலும் சொல்லும் மொழி பெரும்பாலும் ஒன்றுதான்.

படி 1: ஒரு வாரம் தூரத்திலிருந்து பாருங்கள்

புறா மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பறவை. சோர்ந்து தெரிந்தால் பருந்துக்கு முதல் குறி அதுதான். அதனால் உடம்பு முடியாவிட்டாலும், யாராவது பார்க்கிறார்கள் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கூண்டின் அருகே போனதும் அது காட்டும் முகம் வேறு, ஆள் இல்லாதபோது இருக்கும் முகம் வேறு.

ஆகவே அறையின் மறுகோடியில் உட்கார்ந்து பாருங்கள். அல்லது போனைச் சாய்த்து வைத்து, பதினைந்து நிமிடம் வீடியோ ஓடவிட்டு அப்புறம் பாருங்கள். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடிக்கும். எத்தனை மணிக்குக் கம்பிலிருந்து இறங்குகிறது, முதலில் தீனியா தண்ணீரா, மதியம் எங்கே தூங்குகிறது, எந்த நேரத்தில் அதிகம் குனுகுகிறது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவையுங்கள். ஏழு நாள் போதும். பின்னால் வரும் எல்லாப் படிகளும் இந்த நோட்டை நம்பித்தான் இருக்கின்றன.

தண்ணீர் குடிக்கும் விதத்தையும் அப்போதே கவனித்து வையுங்கள். கோழி மாதிரி ஒரு வாய் எடுத்து அண்ணாந்து விழுங்காது. அலகைத் தண்ணீருக்குள் முக்கி, எடுக்காமலே உறிஞ்சும். எப்போதும் இப்படிக் குடிக்கும் புறா ஒரு நாள் தடுமாறினால், தொண்டையில் ஏதோ இருக்கலாம்.

படி 2: உடம்பு என்ன சொல்கிறது

முதலில் இறகைப் பாருங்கள். நிம்மதியாக இருக்கும் புறாவின் இறகுகள் கொஞ்சம் தளர்ந்து, மார்பு உருண்டையாகத் தெரியும். ஒரு காலை வயிற்று இறகுக்குள் மடக்கிக்கொள்ளும். கண்ணின் கீழ் இமை மெல்ல மேலே ஏறும், மறுபடி இறங்கும். அப்புறம் ஒரு சோம்பல் முறிப்பு. ஒரு பக்கச் சிறகையும் அதே பக்கக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டும், மறுபக்கமும் அதே மாதிரி. கடைசியில் இரண்டு சிறகையும் முதுகுக்கு மேலே தூக்கி இறக்கும். இதை நான் ரொம்ப மதிப்பேன். உடம்பு முடியாத புறா சோம்பல் முறித்து நான் பார்த்ததே இல்லை.

இறகைக் கோதி முடித்து ஒரு உலுக்கு உலுக்கும்போது வெள்ளைத் தூள் பறக்கும். அது அழுக்கோ பேனோ இல்லை, இறகைக் காக்கும் பொடி. குளித்தபின் தண்ணீரில் பால் ஏடு மாதிரி படிவதும் அதுதான்.

பயந்த புறா இதற்கு எதிர்: ஒல்லியாகிவிடும். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, ஒரு கண்ணால் உங்களையே பார்த்தபடி சிலையாக நிற்கும். அந்த நேரத்தில் கையை இன்னும் முன்னால் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் உங்கள் பக்கத்துச் சிறகைத் தூக்கிப் பிடிக்கும், தொண்டையிலிருந்து "ஹ்ம்" என்று ஒரு உறுமல் வரும், அப்புறம் பளாரென்று ஒரு அறை. வலிக்காது. ஆனால் அதற்கும் மேலே போய் இறுக்கிப் பிடித்தால் இறகுகள் கொத்தாக உதிர்ந்துவிடும். பிடித்த எதிரியின் வாயில் இறகை விட்டுவிட்டுத் தப்பிக்கும் வழி அது. என் கையில் மிஞ்சிய வால் இறகுகளின் கதையும் அதுதான். வேரோடு உதிர்ந்த இறகு சில வாரங்களில் வளர்ந்துவிடும், நம்பிக்கை வளரத்தான் கூடுதல் நாளாகும்.

புதிதாக வளர்ப்பவர்களை அதிகம் குழப்புவது சிறகுத் துடிப்பு. கூண்டு மூலையிலோ கிண்ணத்திலோ போய் உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, வாலைச் சற்றே உயர்த்தி, சிறகு நுனிகளை மட்டும் படபடவென்று துடிக்கவிட்டு மெல்லிய குரலில் குனுகும். வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள். அது "இங்கே கூடு கட்டலாம் வா" என்ற அழைப்பு. ஜோடி இல்லாத புறா உங்களைப் பார்த்தும் இதைச் செய்யும். நோயில் வரும் நடுக்கம் வேறு. அதில் உடம்பு முழுவதும் நடுங்கும், இறகு உப்பியிருக்கும், குனுகல் இருக்காது, கூண்டில் எந்த இடம் என்ற கணக்கும் இருக்காது.

அடுத்தது குனிந்து குனிந்து குனுகுவது. கழுத்தை உப்பவைத்து, எம்பி எம்பி வந்து, ஒவ்வொரு குனுகலுக்கும் ஒரு கும்பிடு. ஆண் புறாவின் வேலை இது. கண்ணாடி, கை, செருப்பு, எதிரே எது இருந்தாலும் கும்பிடும். ஆனால் இதை மட்டும் வைத்து ஆண் என்று முடிவு கட்டாதீர்கள், சில பெண் புறாக்களும் இப்படிச் செய்யும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் இறகை வைத்துச் செய்யும் டிஎன்ஏ சோதனைதான் வழி.

ஜோடியாக இருந்தால் ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிவிடுவது பாசம். பெண் தன் அலகை ஆணின் வாய்க்குள் விட்டு வாங்குவதும் அப்படியே. முட்டையிடும் நாள் நெருங்கும்போது ஆண், பெண்ணைக் கொத்திக் கொத்திக் கூட்டுப் பக்கம் விரட்டும். சண்டை என்று தோன்றும். ஓடும் புறா நின்றதும் கொத்துவதும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம். மூலையில் ஒடுங்கிய பிறகும் தலையிலும் கண்ணருகிலும் கொத்து விழுந்துகொண்டே இருந்தால், அல்லது தோல் தெரிந்தால், உடனே பிரித்துவிடுங்கள்.

வெயில் குளியலை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மழைக் குளியலும் அதே மாதிரிதான், தண்ணீர் தெளித்தால் ஒரு பக்கம் சாய்ந்து ஒரு சிறகைச் செங்குத்தாகத் தூக்கும். இரண்டிலும் அடையாளம் ஒன்றே: கூப்பிட்டால் அல்லது நிழல் விழுந்தால் சட்டென்று எழுந்து சாதாரணமாக நடக்கும். எழவில்லை, எழுந்தும் தள்ளாடுகிறது என்றால் அது குளியல் இல்லை.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. கிளி வளர்த்தவர்கள், தலையை முதுகு இறகுக்குள் புதைத்துத் தூங்கும் என்று எதிர்பார்ப்பார்கள். புறா அப்படிச் செய்வதில்லை. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு தூங்கும். தூங்கும் நேரம்தான் முக்கியம். மதியம் ஒரு குட்டித் தூக்கம் சரி. காலை எட்டு மணிக்கு, மற்றவை தீனி தின்னும்போது, இரண்டு காலையும் ஊன்றி, பந்தாக உப்பி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் சரியில்லை.

படி 3: குரலைப் பழகுங்கள்

குரல்கள் நாலைந்துதான். கம்பில் உட்கார்ந்து நிதானமாகக் குனுகுவது, கும்பிட்டபடி குனுகுவது, கூட்டுக்கு அழைக்கும் மெல்லிய குனுகல், அப்புறம் ரிங்நெக்குக்கே உரிய சிரிப்பு. பறந்து வந்து உட்கார்ந்ததும், உங்களைக் கண்டதும், போட்டிப் புறாவைக் கண்டதும் "ஹெ ஹெ ஹெ" என்று சிரிக்கும். சந்தோஷச் சிரிப்பு என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது கிளர்ச்சிக் குரல். முன்னால் வருவதைப் பொறுத்து வரவேற்பாகவும் இருக்கும், வம்பாகவும் இருக்கும்.

இந்தக் குனுகலுக்கு உடம்பையே மாற்றும் சக்தி உண்டு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் லெர்மன் பல ஆண்டுகள் இதே ரிங் டவ் புறாக்களை ஆராய்ந்தார். ஆண் குனுகிக் கும்பிடுவதைப் பார்ப்பதும் கேட்பதுமே பெண்ணின் ஹார்மோன்களைத் தூண்டி, முட்டையிடும் நிலைக்குக் கொண்டுபோகும் என்று காட்டினார். பின்னர் அங்கேயே மெய்-ஃபாங் செங், பெண் புறா தன் சொந்தக் குனுகலைக் கேட்பதும் அதன் முட்டைப்பையைத் தூண்டுகிறது என்று கண்டார்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? ஜோடியே இல்லாமல் வளரும் பெண் புறா உங்களையே ஜோடியாக எடுத்துக்கொண்டு முட்டையிடலாம். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தால் இன்னும் வேகமாக. மாதாமாதம் முட்டையிட்டால் உடம்பில் இருக்கும் கால்சியம் எல்லாம் ஓட்டுக்குப் போய்விடும். தடவுவதைத் தலையோடும் கழுத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். இட்ட முட்டையை எடுத்து எறியாதீர்கள், உடனே அடுத்தது வரும். போலி முட்டை வைத்து, அதுவாகச் சலித்து எழும்வரை உட்காரவிடுவது நல்லது.

குரலில் நோயின் அடையாளம் மூன்று: நாள் தவறாமல் குனுகிய புறா திடீரென்று மௌனமாவது, குரல் கரகரப்பது, மூச்சு விடும்போது "டிக் டிக்" என்றோ சளி மாதிரியோ சத்தம் வருவது. கூண்டு மேல் துணி போட்டு விளக்கை அணைத்துவிட்டு, காதை அருகே வைத்துக் கேட்டால் மூன்றாவது தெளிவாகக் கேட்கும்.

படி 4: எச்சத்தைப் படியுங்கள்

யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனால் தினமும் கிடைக்கும் சோதனை முடிவு இதுதான். கம்புக்கு நேர் கீழே வெள்ளைத் தாள் போடுங்கள். மணலும் மரத்தூளும் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

நல்ல எச்சம் சின்னதாக, சுருண்டு, கரும்பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும். மேலே தொப்பி மாதிரி ஒரு வெள்ளைப் பகுதி. சுற்றிலும் கொஞ்சம் ஈரம். வெள்ளைப் பகுதிதான் சிறுநீரகத்திலிருந்து வருவது, நிறம் மாறினால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பயந்த பிறகு, நிறையத் தண்ணீர் குடித்த பிறகு, கீரை தின்ற பிறகு எச்சம் நீராகப் போகும், அரைநாளில் சரியாகிவிடும். அடைகாக்கும் பெண் இரவெல்லாம் அடக்கிவைத்து, எழுந்ததும் கோலிக்குண்டை விடப் பெரிதாக, நாற்றமடிக்க ஒன்று போடும். அதுவும் சாதாரணம்தான்.

சாதாரணமில்லாதவை: கெட்டிப் பகுதியே இல்லாமல் பளிச்சென்ற பச்சையாக வந்தால் வயிற்றில் தீனி போகவில்லை என்று பொருள். வெள்ளைத் தொப்பி மஞ்சளாகவோ வெளிர்பச்சையாகவோ மாறினால் ஈரல் பாதிப்பாக இருக்கலாம். சிவப்பு, தார் மாதிரிக் கறுப்பு, முழுத் தானியம், நுரை, பின்புற இறகில் ஒட்டிக் காய்ந்திருப்பது எல்லாமே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. ஒரே ஒரு எச்சத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், ஒரு நாள் தாளைப் பாருங்கள். இரத்தத்துக்கு மட்டும் இந்தப் பொறுமை கிடையாது.

படி 5: கையில் எடுத்துப் பாருங்கள்

சிறகுகளை மடக்கி, முதுகுப் பக்கமாக இரண்டு கையாலும் அணைத்துப் பிடியுங்கள். மார்பை மட்டும் அழுத்தக் கூடாது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே. இறுக்கிப் பிடித்தால் வாய் மூக்கு எல்லாம் திறந்திருந்தும் மூச்சு முட்டும்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று போதும். காலையில் தீனி வைப்பதற்கு முன், அதே நேரத்தில், வாரம் இரண்டு முறை. இறகு எல்லாவற்றையும் மறைக்கும், தராசு மறைக்காது. 150 கிராம் புறா 135-க்கு வந்துவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் போகும் நேரம் அது.

நெஞ்சின் நடுவே விரலை ஓட்டுங்கள். எலும்பு தெரிய வேண்டும், ஆனால் இருபுறமும் சதை நிரம்பி மேடாக இருக்க வேண்டும். கத்தி முனை மாதிரி எலும்பு மட்டும் நின்றால் புறா பல நாளாக மெலிந்திருக்கிறது. எலும்பே தட்டுப்படாவிட்டால் கொழுப்பு.

இனி தீனிப்பை. கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மாலையில் தொட்டால் தானியம் நிறைந்த சின்னத் துணிப்பை மாதிரி நறநறவென்று இருக்கும். விடியற்காலையில் தட்டையாகிவிட வேண்டும். காலையிலும் உப்பி, களிமண் மாதிரியோ தண்ணீர்ப் பை மாதிரியோ இருந்து, வாயில் புளித்த வாடை அடித்தால் தீனி உள்ளே இறங்கவில்லை. அதைப் பிசைந்து வெளியேற்றப் பார்க்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

படி 6: தலை, கால், இறகு

கண் இரண்டும் ஒரே அளவு திறந்திருக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் நீர், நுரை, வீக்கம் என்றால் பெரும்பாலும் மூச்சுத்தொற்று. டைமண்ட் டவ் கண்ணைச் சுற்றியுள்ள ஆரஞ்சு வளையம் ஆணுக்குத் தடிமனாகவும் இனப்பெருக்கக் காலத்தில் பளிச்சென்றும் இருக்கும், அதை வீக்கம் என்று எண்ண வேண்டாம். மூக்குத் துவாரங்கள் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும்.

வாய்க்கு வருகிறேன். வெள்ளச்சி தானியத்தைக் கீழே போட்டதாகச் சொன்னேன் அல்லவா? மூன்றாம் நாள்தான் எனக்குச் சந்தேகம் வந்து, கிண்ணத்தில் தானியத்தை எடைபோட்டு வைத்தேன். மாலையில் கொட்டிக் கிடந்ததையும் கூட்டி எடை போட்டபோது ஏறக்குறைய அதே அளவு. மருத்துவர் அலகைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். தொண்டையில், பாலாடைக்கட்டித் துண்டு மாதிரி மஞ்சளாக ஒரு கட்டி. டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி செய்யும் வேலை, கேங்கர் என்பார்கள். ஒரே தண்ணீர்க் கிண்ணம் வழியாகவும், தாய் தந்தை ஊட்டும் தீனிப்பைப் பால் வழியாகவும் பரவும். கட்டியைச் சுரண்டி எடுக்கக் கூடாது, இரத்தம் பெருகும். சரியான மருந்து கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் மூச்சே அடைத்துக்கொள்ளும். அதிலிருந்து மாதம் ஒரு முறை வாய்க்குள் பார்ப்பது என் வழக்கம். இளஞ்சிவப்பாக, ஈரமாக, வாடை இல்லாமல் இருக்க வேண்டும்.

தானியத்தைக் குறி தவறிக் கொத்துவது வேறு கதை. தரையில் ஓரங்குலம் தள்ளிக் கொத்தினால், கழுத்து முறுக்கினால், தலைகீழாகப் பார்த்தால் நரம்பு சம்பந்தப்பட்டது. பாராமிக்ஸோ வைரஸ் அதற்கு ஒரு காரணம். மற்ற புறாக்களிடமிருந்து அந்த நிமிடமே பிரியுங்கள்.

இறகில்லாத இடங்களில், அதாவது அலகோரம், கண்ணோரம், காலில் மருக்கள் மாதிரி வந்தால் அம்மையாக இருக்கலாம். கொசு பரப்புவது. காலில் நூலோ முடியோ சுற்றியிருக்கிறதா என்று விரல் விரலாகப் பாருங்கள், பாதத்தில் கரடு தட்டிச் சிவந்திருந்தால் கம்பை மாற்றுங்கள். ஆண்டுக்கொரு முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது கழுத்து முள்ளம்பன்றி மாதிரி ஆகும், கொஞ்சம் சிடுசிடுப்பும் வரும். விட்டுவிடுங்கள்.

படி 7: காத்திருக்கக் கூடாத நேரங்கள்

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் அது மூச்சுத்திணறல். வாயைத் திறந்து தொண்டை படபடக்க, சிறகை உடம்பிலிருந்து விலக்கி நின்றால் முதலில் வெப்பத்தைப் பாருங்கள். நிழலுக்கு மாற்றிப் பத்து நிமிடத்தில் அடங்கினால் வெயில்தான் காரணம். அடங்காவிட்டால் மருத்துவர்.

பெண் புறா கூண்டின் தரையில் உப்பி உட்கார்ந்து, வாலை ஆட்டி ஆட்டி முக்கினால் முட்டை அடைத்திருக்கிறது. வழக்கமாக முதல் முட்டை மாலையில் வரும், இரண்டாவது சுமார் 40 மணி நேரம் கழித்துக் காலையில். சில நேரம் ஒன்றோடு நின்றுவிடும், அப்போது புறா தெம்பாகத்தான் இருக்கும். தெம்பில்லாமல் முக்கினால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க வேண்டாம். கால்சியமும், அதை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3-யும் குறைந்தால் இது நடக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் டி3 உருவாக்கும் கதிர் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும், நேர் வெயில் கொஞ்சமாவது வேண்டும்.

பூனை பிடித்துவிட்டதா? காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். நான்ஸ்டிக் பாத்திரம் தீய்ந்த புகையும் அப்படித்தான், கண்முன்னே நிமிடங்களில் உயிர் போகும்.

மருத்துவரிடம் போகும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, ஒரு பாதியை மட்டும் 30 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள். சூடு அதிகமானால் அதுவே மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். அரை இருட்டு, சத்தமில்லாத இடம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள், வீட்டில் மிச்சமிருக்கும் மனித மாத்திரையைப் பொடிசெய்து கொடுக்காதீர்கள். எடை நோட்டையும் அன்றைய எச்சத் தாளையும் கையோடு எடுத்துப்போங்கள். மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதில் இருக்கும்.

புதுப் புறா வந்தால் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வையுங்கள். உங்களுக்கும் ஒன்று: கூண்டைச் சுத்தம் செய்யும்போது தாளை ஈரப்படுத்திவிட்டு எடுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அந்த இறகுத் தூளும் காய்ந்த எச்சமும் சிலருக்கு நுரையீரலைப் பாதிக்கும். காய்ச்சலும் விடாத இருமலும் வந்தால், வீட்டில் புறா இருக்கிறது என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

குணமாவதும் வரிசையாகத்தான் தெரியும். முதலில் எடை இறங்குவது நிற்கும். வெள்ளச்சிக்கு மருந்து ஆரம்பித்த நான்காம் நாள் ஒரே ஒரு சிறகை நீட்டிச் சோம்பல் முறித்தாள். அடுத்த நாள் இறகைக் கோதினாள், தூள் பறந்தது. ஒரு வாரம் கழித்து, எடை பார்க்கத் தராசில் வைக்கக் கையை நீட்டினேன். சிறகைத் தூக்கிப் பளாரென்று ஒன்று வைத்தாள். நோட்டில் அன்று 146 என்று எழுதியிருக்கிறேன்.